சத்தம் கேட்கிறது, கதை விளங்கவில்லை

யாழ்ப்பாணத்தில் காது மந்தமான முதியவர்களிடம் என்ன குறை என்று கேட்டால், பெரும்பாலானோர் காது கேட்கவில்லை என்று சொல்வதில்லை. "சத்தம் கேக்குது, கதைதான் விளங்கேல்லை" என்பார்கள். ஒரு மருத்துவ உண்மை முழுவதும் இந்தச் சிறு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. ஆயினும் அவர்களுக்கு உதவ முன்வருகின்ற நாம் அதன் முற்பாதிக்கு மட்டுமே மருந்து தேடுகின்றோம். சத்தத்தைப் பெருக்கும் கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, இனிக் கதை தானாக விளங்கிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கின்றோம்.

2009 இல் போர் முடிந்த பின்னர் குடாநாட்டில் செவிப்புலன் கருவிகள் வழங்கும் வைபவங்களுக்குக் குறைவில்லை. மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, பிரதம விருந்தினர் உரை, பயனாளிகளுக்குக் கருவி வழங்கல், நன்றியுரை. அடுத்த நாள் பத்திரிகையில் படத்துடன் செய்தி. பத்திரிகை அலுவலக மேசையில் இத்தகைய படங்களை எண்ணற்ற தடவை கண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்று மாதம் கழித்து அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்பது மட்டும் ஒருபோதும் செய்தியாவதில்லை. தெரிந்தவர் வீடுகளில் விசாரித்துப் பாருங்கள். பல கருவிகள் அலுமாரி லாச்சிக்குள் பெட்டி கலையாமல் உறங்குகின்றன. "போட்டால் ஒரே இரைச்சல், தலை இடிக்குது" என்பதே அதற்குரிய விளக்கமாக இருக்கும்.

இதை நன்றி மறந்த செயல் என்றோ, கிழட்டுப் பிடிவாதம் என்றோ தள்ளிவிடக் கூடாது. செவிப்புலன் கருவியால் பயன்பெறக் கூடியவர்களில் 17 வீதத்தினர் மட்டுமே அதைப் பயன்படுத்துகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட உலகக் கேட்டல் அறிக்கை கூறியது. விலையும் கிடைக்காமையும் இதற்குப் பெருங் காரணங்கள். ஆனால் இலவசமாகக் கிடைத்ததும் ஏன் லாச்சிக்குள் போகிறது என்பதற்கு விலை காரணமாக முடியாது. அதை அறிய, காதினுள் சற்று நுழைந்து பார்க்க வேண்டும்.

உட்காதிலே நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலியதிர்வை நரம்பின் மொழிக்கு மாற்றுபவை இவைதாம். முதுமையாலோ பேரொலியாலோ அழிந்தால் இவை மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. அழிவு பெரும்பாலும் உயர் சுருதி ஒலிகளை ஏற்கும் முனையிலிருந்தே தொடங்குகிறது. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த சுருதியும் மிகுந்த வலுவும் உடையவை. க, ச, ட, த, ப போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணிய வெடிப்பும் உராய்வும் வலுக் குறைந்தவை. பெரும்பாலும் உயர் சுருதியில் நிற்பவை. எனவே காது மந்தமானவருக்கு உயிர் கேட்கிறது, மெய் கரைந்துவிடுகிறது. கடை, சடை, தடை, படை, வடை எல்லாமே ஏதோ ஓர் "அடை" ஆகிவிடுகின்றன. சத்தம் கேட்டும் கதை விளங்காத மாயம் இதுதான்.

தமிழில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. யார் செய்தார், செய்தாரா இல்லையா என்ற செய்தி நம் மொழியில் வினைச்சொல்லின் கடைசியிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வினைச்சொல்லோ வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. மூச்சு முடிகின்ற அந்த இடத்தில் குரலும் தாழ்ந்துவிடுகிறது. யாழ்ப்பாணப் பேச்சில் வாறன் என்றால் நான், வாறான் என்றால் அவன், வாறாள் என்றால் அவள், வாறார் என்றால் மரியாதைக்குரிய ஒருவர். ஒரு குறில் நெடிலாவதிலும், ஈற்றிலுள்ள ஒரு மெல்லிய மெய்யிலும் ஆளே மாறிவிடுகிறார். இந்த நுணுக்கம் தவறும்போது முதியவர் தலையாட்டிவிட்டு, தமக்குத் தெரிந்த ஊகத்தால் இடைவெளியை நிரப்பிக்கொள்கிறார். ஊகம் தவறினால் "அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது.

கருவி ஒலியைப் பெருக்கும். இழந்த தெளிவைத் திருப்பித் தராது. இன்றைய டிஜிட்டல் கருவிகள் பழையவற்றைக் காட்டிலும் பன்மடங்கு திறமையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் கலியாண வீட்டில் பத்துப் பேர் ஒருமித்துக் கதைக்கும்போது, அவர்களுள் எவருடைய குரலை நீங்கள் கேட்க விரும்புகிறீர்கள் என்பது கருவிக்குத் தெரியாது. தெரிந்தெடுத்துக் கேட்பது காதின் வேலையன்று, மூளையின் வேலை. காது கொண்டுவந்து போட்ட துண்டுகளை நினைவில் வைத்து, சொல்லறிவாலும் சந்தர்ப்பத்தாலும் பொருத்தி, விடுபட்டதை நிரப்பி, அடுத்த வாக்கியம் வருவதற்குள் பொருள் கண்டு முடிப்பது மூளையே. ஆண்டுக்கணக்காக மங்கலான ஒலிக்குப் பழகிவிட்ட மூளைக்குத் திடீரெனச் சருகின் சலசலப்பும், மின்விசிறியின் இரைச்சலும், கோப்பை உரசும் ஓசையும் ஒரே வேகத்தில் வந்து விழுந்தால் அது திணறுகிறது. தலை இடிப்பது இதனாலேயே.

மூளை இதைப் பயிற்சியால் கற்கக் கூடியது என்பதற்கு யாழ்ப்பாணத்தவர்களுக்கு மேனாட்டு உதாரணம் தேவையில்லை. 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலியை இயக்கி இரவு 9.15 க்கு பி.பி.சி. தமிழோசை கேட்ட தலைமுறை அது. சிற்றலையின் கரகரப்பு ஒருபுறம், சில்லுச் சுற்றும் வேகம் குறைந்தால் தேய்ந்துபோகும் குரல் மறுபுறம். அரைகுறையாக வந்த ஒலியிலிருந்து முழுச் செய்தியையும் எடுத்துக்கொண்டவர்கள் நம்மவர்கள். பெயர்களும் இடங்களும் விடயமும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தன. தெரிந்துகொள்ள வேண்டிய அவசரமும் இருந்தது. இரவுக்கு இரவு அதே குரல்களைக் கேட்டுப் பழகியும் இருந்தனர். முன்னறிவு, கவனம், தொடர் பழக்கம் ஆகிய இம்மூன்றுந்தான் இன்று கேட்டற் பயிற்சி என்று நிபுணர்கள் கூறுவதன் உள்ளீடு. தமிழோசை வானொலி 2017 இல் நின்றுவிட்டது. அதைக் கேட்டவர்களின் காதுகளும் இப்போது முதுமை எய்திவிட்டன.

கோயில்களில் நடக்கும் புராணபடனத்தையும் கவனியுங்கள். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்வார். பேரனின் தொலைபேசிப் பேச்சில் ஒரு வரியும் விளங்காத முதியவர் அங்கே சூரபன்மன் வதையை ஒரு சொல் தவறாமல் பின்தொடர்வார். "வேண்டியது மட்டும் இவருக்குக் கேட்கும்" என்று வீட்டார் சிரிப்பார்கள். அது நியாயமான சிரிப்பன்று. தெரிந்த கதையில் அடுத்து வரும் சொல்லை மூளை முன்கூட்டியே எதிர்பார்த்து நிற்கிறது. காது பாதி கொடுத்தால் போதும். தெரியாத விடயத்தில் முழுப் பாரமும் பழுதடைந்த காதின் மேல் விழுகிறது.

அந்தப் பாரத்தைச் சுமப்பதற்கு உழைப்பு வேண்டும். நல்ல காதுடையவர் உணராத உழைப்பு அது. மாலையானதும் அவர் களைத்துவிடுகிறார். முதலில் கூட்டங்களைத் தவிர்க்கிறார். பின்னர் கோயில் வீதியில் நின்று கதைப்பதைத் தவிர்க்கிறார். யாழ்ப்பாணத்து முதியவருக்கு இதில் இன்னொரு இழப்பும் உண்டு. அவருடைய பிள்ளைகள் ரொரன்ரோவிலோ இலண்டனிலோ பாரிசிலோ இருக்கிறார்கள். உறவு முழுவதும் ஒரு தொலைபேசிக்குள் அடங்கியிருக்கிறது. சாதாரணத் தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 3,400 ஹேர்ட்சுக்கு மேற்பட்ட ஒலிகளை வெட்டிவிடுவது. முகமும் உதடும் தெரியாது. மறுமுனையில் பேசும் பேரப்பிள்ளையின் தமிழிலோ புகுந்த நாட்டின் ஓசை கலந்திருக்கும். அம்மம்மா "ஓம், ஓம், சுகமாய்த்தான் இருக்கிறன்" என்று சொல்லி வைத்துவிடுகிறார். கேட்ட கேள்வி வேறாக இருந்திருக்கும். இப்படி அழைப்புகள் சுருங்கிச் சுருங்கி, மாதத்துக்கொரு சம்பிரதாயமாகிவிட்ட குடும்பங்கள் எத்தனை! அன்பு குறைந்துவிட்டது என்று இரு தரப்பும் நினைக்கின்றன. குறைந்தது மெய்யொலி மட்டுமே.

முதுமை ஒரு காரணம் என்றால் போர் இன்னொரு காரணம். 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்தின் யாழ்ப்பாண நடவடிக்கை, 1990 இல் கோட்டை முற்றுகையும் விமானக் குண்டுவீச்சும், 1995 இன் ஷெல் வீச்சும் பாரிய இடப்பெயர்வும், 2000 இல் தென்மராட்சிச் சமர், அதன் பின் வன்னிக்குச் சென்றவர்களுக்கு 2009 வரையிலான கொடுமைகள். வெடிப்பின் அமுக்க அலை செவிப்பறையைக் கிழிக்கும், மயிர்க்கலங்களை அழிக்கும். வெளியே காயம் தெரியாது. கையிழந்தவரையும் காலிழந்தவரையும் கணக்கெடுத்த நாம் செவியிழந்தவரைக் கணக்கெடுப்பதில் அக்கறை காட்டவில்லை. அப்போது இருபது வயதில் பதுங்குகுழியில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியும் அறுபதை நெருங்கியும் நிற்கிறார்கள். போரின் சேதத்தோடு முதுமையின் சேதமும் சேர்கின்ற வயது இது. எனவே இது பழைய கதையன்று. இனித்தான் பெருகப்போகின்ற பிரச்சினை.

போரால் செவியிழந்தவர்களுக்கு வேறொரு நாடு என்ன செய்தது என்பதை இங்கு நினைவூட்டுவது பொருத்தமானது. இரண்டாம் உலகப்போரில் கேட்டற்றிறன் இழந்து திரும்பிய அமெரிக்கப் படையினருக்கெனத் தனி இராணுவ வைத்தியசாலைகள் ஒதுக்கப்பட்டன. பென்சில்வேனியாவிலிருந்த டெஷோன் வைத்தியசாலை அவற்றுள் ஒன்று. ரேமண்ட் கார்ஹார்ட் என்ற பேச்சுத்துறை அறிஞர் அங்கே பணியாற்றினார். கருவியைக் காதில் மாட்டி அனுப்பிவிடுவது அங்கு வழக்கமாக இருக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மாத காலம் தங்கவைத்து, பொருத்தமான கருவியைத் தெரிவதோடு, உதட்டசைவை வாசிக்கவும், கருவியூடாக வரும் பேச்சைப் பிரித்தறியவும் பயிற்சி அளித்தனர். ஓடியோலஜி என்று இன்று உலகம் அறிகின்ற செவிப்புலத்துறை ஒரு தொழிற்றுறையாக உருவெடுத்தது அந்தப் பயிற்சிக் கூடங்களில்தான். கார்ஹார்ட்டை அத்துறையின் தந்தை என்பர்.

அங்கே ஒரு போர் ஒரு துறையையே உருவாக்கிற்று. இங்கே ஒரு போர் முடிந்து பல ஆண்டுகளாகியும் நாம் வைபவங்களைத் தாண்டவில்லை. வசதியில்லாத நாடு என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் வசதி எதுவுமில்லாத காலத்திலேயே நம்மவர்கள் வேறொரு காயத்துக்கு வழி கண்டிருக்கிறார்கள். உளநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போர் ஏற்படுத்திய உளக் காயங்களைப் பற்றி "மனவடு" என்ற நூலைத் தமிழிலேயே எழுதினார். போர் நடந்துகொண்டிருந்தபோதே ஆசிரியர்களும் சமூகத் தொண்டர்களும் உளவளத்துணைக்குப் பயிற்றப்பட்டனர். நிபுணர் ஒருவர் ஆயிரம் பேரைப் பார்க்க முடியாது. நிபுணரால் பயிற்றப்பட்ட நூறு பேர் பார்க்க முடியும் என்பதே அதன் தத்துவம். மனத்துக்குச் செய்ததைச் செவிக்குச் செய்யத் தவறிவிட்டோம்.

பயிற்சி என்றதும், மூளையைக் கூர்மையாக்குவதாகச் சொல்லி விற்கப்படும் கணனி விளையாட்டுகளையும் கைத்தொலைபேசிச் செயலிகளையும் வாசகர்கள் நினைக்கக் கூடும். இது பற்றி ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் செய்தி கலப்பானது.

கலிபோர்னியாவில் ரொபேர்ட் ஸ்வீற்றோவும் ஜெனிபர் சேபசும் வடிவமைத்த லேஸ் என்ற கணனிப் பயிற்சி பற்றிய கட்டுரை 2006 இல் வெளிவந்தது. இரைச்சலில் பேச்சைக் கேட்டல், விரைவுப் பேச்சைக் கேட்டல், கேட்டதை நினைவில் நிறுத்தல் ஆகியவை அதில் அடக்கம். தொடக்க முடிவுகள் நம்பிக்கையூட்டின. ஆனால் முன்னாள் படையினர் 279 பேரிடம் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, முறையாகக் கருவி பொருத்தப்பட்டவர்களுக்கு இப்பயிற்சி மேலதிகப் பயன் எதையும் தரவில்லை என்று கண்டது. நினைவாற்றலை மட்டும் வளர்க்கும் கொக்மெட் என்ற பயிற்சியைக் கருவி அணிவோரிடம் பிரித்தானியாவில் சோதித்து 2022 இல் முடிவை வெளியிட்டனர். பயின்ற விளையாட்டில் திறமை கூடிற்று. பேச்சு விளங்குவதில் அது பிரதிபலிக்கவில்லை. மறுபுறம், பொஸ்டனில் 2017 இல் வெளியான ஆய்வில் 24 முதியவர்கள் பங்குபற்றினர். இரைச்சலுக்குள் மறைந்த மெல்லிய ஒலி வேறுபாடுகளைத் தேடிப் பிடிக்கும் பயிற்சியை எட்டு வாரம், வாரத்துக்கு மூன்றரை மணி நேரம் செய்தவர்கள், இரைச்சலில் 25 வீதம் கூடுதலான சொற்களை இனங்கண்டனர். நினைவு விளையாட்டு மட்டும் விளையாடியவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. பயிற்சியை நிறுத்தியதும் பெற்ற பயன் மங்கிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவற்றிலிருந்து பெறக் கூடிய பாடங்கள் தெளிவானவை. மூளையைப் பொதுவாகக் கூர்மையாக்கினால் காது சீராகும் என்பது நடக்கவில்லை. எதைக் கேட்க வேண்டுமோ அதையே கேட்டுப் பழக வேண்டும். உடற்பயிற்சி போல விடாது தொடரவும் வேண்டும்.

மறதிநோய் பற்றிய அச்சத்தை வைத்து நடக்கும் வியாபாரத்தையும் இந்த இடத்தில் எச்சரிக்க வேண்டும். காது மந்தம் மறதிநோய்க்கான தவிர்க்கக் கூடிய காரணிகளுள் ஒன்று என்று லான்செற் ஆணைக்குழு அறிக்கைகள் கூறியிருப்பது உண்மை. ஆனால் 70 முதல் 84 வயது வரையான 977 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 2023 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எல்லோரையும் ஒன்றாக நோக்கியபோது செவிப்புலன் சிகிச்சை அறிவுத்திறன் சரிவைத் தடுக்கவில்லை. ஆபத்துக் காரணிகள் அதிகம் கொண்டிருந்த ஒரு பிரிவினரிடம் மட்டுமே சரிவு 48 வீதம் குறைந்தது. அந்தச் சிகிச்சைகூடத் தனிக் கருவியன்று. செவிப்புலன் நிபுணருடன் பல அமர்வுகளில் நடந்த ஆலோசனையும் சேர்ந்தது. எனவே "இந்தச் செயலியைப் பாவித்தால் மறதிநோய் வராது" என்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

அப்படியானால், லேஸ் பயிற்சி மேலதிகப் பயன் தரவில்லை என்று ஆய்வே சொல்லும்போது நாம் எதற்குப் பயிற்சி கேட்க வேண்டும் என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினா. அந்த ஆய்வில் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டவர்கள் அளவெடுத்துப் பொருத்திய கருவியும், முறையான ஆலோசனையும், தொடர் கவனிப்பும் பெற்றவர்கள். மேசையில் உண்டு முடித்தவருக்கு இன்னொரு அகப்பை சோறு வித்தியாசமாகத் தெரியாது. நம்முடைய பயனாளி பசியோடு இருப்பவர். அவருக்கு அந்த அடிப்படைக் கவனிப்பே கிட்டவில்லை. அத்துடன், தனியே கணனி முன் இருத்துவதைவிடக் குழுவாகக் கூடுவது பயனளிக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ஹிக்சனும் அவருடைய குழுவினரும் முதியவர்களை வாரந்தோறும் சிறு குழுக்களாகக் கூட்டி, எந்த இடத்தில் பேச்சு விளங்காமற் போகிறது, அங்கே என்ன செய்யலாம் என்று கலந்துரையாட வைத்தனர். அவர்களுடைய நடைமுறைச் சிரமங்கள் குறைந்ததாக 2007 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. விலையுயர்ந்த மென்பொருள் அங்கே இல்லை. நாற்காலிகள் இருந்தன, ஒரு வழிகாட்டி இருந்தார்.

குழந்தைகள் விடயத்தில் இந்த உண்மையை உலகம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உட்செவிக் கருவி பொருத்தும் சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது. அதைத் தொடர்ந்து கேட்டல், பேச்சுப் பயிற்சியும் அத்திட்டத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. பயிற்சியில்லாத கருவி வீண் என்று அரசாங்கமே கணக்குப் போட்டிருக்கிறது. நம் மண்ணிலும் கைதடி நவீல்ட் பாடசாலை செவிப்புலன் குன்றிய சிறாருக்குக் கல்வியூட்டிவருகிறது. வளர்ந்தவருக்கு மட்டும் கருவியே போதும் என்று யார் தீர்மானித்தார்கள்? மொழி ஏற்கெனவே தெரிந்தவர் என்பதனால் அவருக்குக் குறுகிய காலம் போதுமே தவிர, பயிற்சியே வேண்டாம் என்றாகிவிடாது.

பயிற்சிக்குரிய பொருள் தமிழில் இருக்க வேண்டும் என்பது அடுத்த விடயம். சுருதி ஒலிகளால் காதை அளப்பதற்கு மொழி தேவையில்லை. பேச்சை அளப்பதற்கும் பழக்குவதற்கும் மொழி வேண்டும். ஸ்காபரோவில் வாழும் நம் முதியவரிடம் ஆங்கிலச் சொற்களைக் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னால், தெரியவருவது அவருடைய காதின் குறையா, ஆங்கிலத்தின் குறையா என்று எவராலும் சொல்ல முடியாது. மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் 1970 களிலேயே தமிழ்ச் சொற்பட்டியல் ஆக்கும் முயற்சி நடந்திருக்கிறது. அது பாராட்டத்தக்கது. ஆனால் அன்றாட வாழ்வில் "பேசுறாங்க" என்பதைக் கேட்கப்போகிறவர் ஒருவர், "கதைக்கினம்" என்பதைக் கேட்கப்போகிறவர் வேறொருவர். யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் யாழ்ப்பாணக் குரல்களால் பதிவான பயிற்சி யாழ்ப்பாணத்தவருக்கு வேண்டும். 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். உடற்கூற்றியலைத் தமிழில் கொண்டுவந்த மண்ணுக்குச் சில நூறு சொற்களையும் வாக்கியங்களையும் பதிவுசெய்வது பெரும் பணியன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடமும் இருக்கிறது, மொழியியலும் இருக்கிறது. இரண்டும் ஒரு மேசையில் அமர்ந்தாற் போதும்.

இடத்துக்கும் நாம் அலைய வேண்டியதில்லை. குடாநாட்டின் ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. காலையில் பத்திரிகை வாசிக்க முதியவர்கள் கூடும் இடங்கள் அவை. வாரத்தில் ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் எட்டுப் பத்துப் பேர் அங்கே கூடலாம். செவிப்புலன் நிபுணர் ஒருவர் ஆரம்பத்தில் கருவிகளைப் பரிசோதித்துச் சரிப்படுத்தி, மாதமொருமுறை வந்து பார்க்கலாம். மற்ற வாரங்களை அவரிடம் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியரோ ஓய்வுபெற்ற தாதியோ நடத்தலாம்.

அதுவரை வீட்டில் செய்யக் கூடியதும் உண்டு. கருவியை முதல் நாளே கலியாண வீட்டுக்கு அணிந்து செல்லாமல், அமைதியான வீட்டில் சிறிது நேரம் தொடங்கி நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்ட வேண்டும். பின்னர் வீட்டிலுள்ள ஒருவர் பத்திரிகையில் ஒரு செய்தியை எடுத்து, அது எதைப் பற்றியது என்று முதலிற் சொல்லிவிட்டு, வாக்கியம் வாக்கியமாக வாசிக்க வேண்டும். கேட்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தவறினால் மீண்டும் வாசிப்பது. அதற்கும் விளங்காவிட்டால் வேறு சொற்களில் சொல்வது. இந்த முறையை 1978 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் எழுத்தில் வகுத்தனர். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். அமைதியில் இலகுவானதும், வானொலியை மெதுவாக ஒலிக்கவிட்டுத் தொடரலாம். முகம் பார்த்து ஒரு முறை, பாராமல் ஒரு முறை செய்யலாம். காது தவறவிடும் ப, த வேறுபாட்டை உதடு காட்டிக்கொடுக்கும். ப, ம இரண்டும் உதட்டில் ஒன்றாகத் தெரியும். அந்த வேறுபாட்டைக் காது பெரும்பாலும் பிடித்துவிடும். ஒன்று விட்டதை மற்றது எடுக்கின்ற இந்தக் கூட்டுறவைப் பழக்குவதே பயிற்சி.

பயிற்சி வீட்டாருக்கும் உரியது. கத்திப் பேசுவதால் மெய்யொலி தெளிவதில்லை. உயிரொலிதான் இன்னும் உரக்கும், முகமும் கோணும். அடுத்த அறையிலிருந்து கூப்பிடாமல் அருகில் வர வேண்டும். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபெல் கூடும். இது காசில்லாத கருவி. முதலிற் பெயரைச் சொல்லிக் கவனத்தைத் திருப்பி, முகத்தில் வெளிச்சம் விழ நின்று, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காமல் சொல்ல வேண்டும். கேட்பவரும் "என்ன, என்ன" என்று முழுவதையும் திருப்பிக் கேட்காமல், "நல்லூருக்கு ஆர் வாறதெண்டு சொன்னனீங்கள்?" என்று விடுபட்ட துண்டை மட்டும் கேட்கப் பழக வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் வெறுங் குரலழைப்புக்குப் பதிலாக முகம் தெரியும் அழைப்பை எடுத்து, கதையைத் தொடங்குமுன் இன்ன விடயம் என்று தலைப்பைச் சொல்லட்டும். "ஒண்டுமில்லை, விடுங்கோ" என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து எவரும் சொல்லாதீர்கள். காது மந்தமானவரைக் கூட்டத்திலிருந்து வெளியே தள்ளுவது அந்தச் சொல்தான்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் நான் முன்வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். நூறு கருவிகளுக்குப் பணம் சேர்த்திருந்தால் எழுபது கருவிகளை வாங்குங்கள். மிகுதி முப்பதின் பணத்தை அந்த எழுபது பேரின் பொருத்துகைக்கும், பற்றறிக்கும், ஆறு மாதப் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். கொடுத்த நாளன்று படம் எடுக்காமல், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அணிந்திருக்கிறார்கள் என்று எண்ணி அந்த எண்ணிக்கையைப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். எண்ணிக்கை குறைவாகத் தெரியலாம். பயன் அதிகமாக இருக்கும். நூறு லாச்சிகளை நிரப்புவதைவிட எழுபது பேர் பேரப்பிள்ளையின் பேச்சை விளங்கிக்கொள்வது மேல்.

தமிழில் கேட்டல் என்ற ஒரே சொல் செவியால் உணர்வதையும் குறிக்கும், வினவுவதையும் குறிக்கும். திருவள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். செவியால் கேட்க இயலாதவருக்கு வாயால் கேட்கும் உரிமை இரு மடங்காக வேண்டும். நம் வீடுகளில் அதுவே கேலிக்குரியதாகிவிட்டது. கருவி கொடுப்பது ஒரு நாள் தர்மம். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் முகம் சுளிக்காமல் சொல்வதும், அவர் கேட்டுப் பழகுவதற்கு ஒரு நாளில் கால் மணி நேரம் கொடுப்பதும் ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய தர்மம். அதற்குப் பிரதம விருந்தினர் எவரும் தேவையில்லை.